ஒசாகாவில் இருக்கும் பிள்ளை

பொது மண்டபத்தின் மாடிக்கு ஏறுமுன் எல்லாரும் காலணியைக் கழற்றி வாசல் அலமாரியில் வைத்துவிட்டு, மண்டபத்துச் செருப்பை மாட்டிக்கொண்டு போக வேண்டும். மிசாவோவும் கழற்றினாள். அலமாரியைப் பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து, காலணியை அதற்குள் போட்டு முடிச்சுப் போட்டுக் கையிலேயே வைத்துக்கொண்டாள். வீட்டிலிருந்து ரயிலேறி, வழியில் ஒரு தடவை வண்டி மாறி வந்திருக்கிறாள். இந்த ஊரில் அவள் முகத்தைத் தெரிந்தவர்களே கிடையாது. காலணியை வைத்து யார் அடையாளம் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? இது அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய, முடிச்சை இன்னொரு தடவை இறுக்கிக்கொண்டாள்.

அறையை விட்டு வராத பிள்ளைகளின் பெற்றோர் மாதம் ஒருமுறை இங்கே கூடுகிறார்கள் என்று சொன்னவர் வயிற்று வைத்தியர். ஆறு மாதமாக மருந்து கொடுத்தும் அவளுடைய வயிற்று வலி கேட்கவில்லை. வீட்டில் யாரிடமாவது மனம் விட்டுப் பேசுவீர்களா என்று அவர் கேட்டார். சோறு வெந்ததும் பாட்டுப் பாடுமே அந்தக் குக்கர், அதோடு பேசுவேன் என்று இவள் விளையாட்டாகச் சொல்லிவிட்டு, சொன்ன வாயோடு அழத் தொடங்கிவிட்டாள். அவர் ஒரு தொலைபேசி எண்ணைச் சொன்னார். அந்த எண்ணைச் சுற்றிச் சுற்றி, மணி அடித்ததும் வைத்து, ஒரு வழியாகப் பேசி முடிப்பதற்குள் இலையுதிர் காலமே வந்துவிட்டது.

அவளுடைய ஒரே மகன் ஷூஹெய். படித்து முடித்து, நல்ல நிறுவனத்தில் சேர்ந்து, ஒன்றரை வருடம் டை கட்டிப் போய்வந்தவன், ஒரு ஜூன் மாதக் காலையில் கட்டிய டையை அவிழ்த்துப் படிக்கட்டில் போட்டுவிட்டு மாடிக்குப் போனான். ஒன்பது வருடமாகிறது. ஏன் என்று அவனும் சொல்லவில்லை. சொல்லும்படி இவர்களும் கேட்கவில்லை. கணவர் தெத்சுரோ நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குழாய் எங்கே உடைந்தாலும் அன்றைக்கே அடைத்துப் பழக்கப்பட்டவர். இதை எங்கே அடைப்பது என்று தெரியாமல், கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார்.

எதிர்வீட்டு நெகிஷி அம்மாள்தான் முதலில் கேட்டது. பையனைக் கண்ணில் காணோமே என்றாள், குப்பை போடுகிற இடத்தில், பேச்சுவாக்கில். "ஒசாகாவுக்கு மாத்திட்டாங்க," என்று மிசாவோ சொல்லிவிட்டாள். ஏன் ஒசாகா என்று இன்றுவரை அவளுக்கே தெரியாது. சப்போரோ என்று வந்திருக்கலாம், ஃபுகுவோகா என்று வந்திருக்கலாம். அன்று மாலை தெத்சுரோவிடம் சொன்னபோது அவர் பேப்பரை மடித்து வைத்து, நல்ல காரியம் பண்ணினாய் என்றார். கல்யாணமாகி முப்பது வருடத்தில் அவர் வாயால் கேட்ட பாராட்டுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் இதுவும் ஒன்று.

ஒரு தடவை சொன்ன பொய் சும்மா கிடக்காது, அதற்குத் தீனி போட வேண்டும். ஒசாகாவில் இருக்கும் பிள்ளை புத்தாண்டுக்கு வராமல் இருப்பானா? வந்தால் அக்கம்பக்கத்துக்கு அந்த ஊர்த் தின்பண்டம் வாங்கி வராமல் இருப்பானா? டிசம்பர் கடைசியில் ஓமியாவிலிருக்கும் பெரிய கடையின் மேல்மாடியில் ஒசாகாப் பண்டங்களின் கண்காட்சி நடக்கும். மிசாவோ அங்கே போய் அரிசிப் பொரி மிட்டாய் மூன்று பெட்டி வாங்குவாள். வீட்டுக்கு வந்து, தலை காயவைக்கும் கருவியால் சூடு காட்டி, கடையின் பெயர் ஒட்டியிருக்கும் சீட்டைக் கிழியாமல் உரிப்பாள். "பையன் கொண்டு வந்தான், ஒண்ணுமில்லாத பொருள்தான்," என்று மூன்று வீட்டுக்கும் கொடுப்பாள். நெகிஷி அம்மாள் இரண்டு கையாலும் வாங்கி, எவ்வளவு நல்ல பிள்ளை என்பாள். அந்த நல்ல பிள்ளை அப்போது தெருவைப் பார்த்த மாடி அறையில், ஜன்னலின் மரக்கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு படுத்திருப்பான். அவனுடைய உள்ளாடைகள் மட்டும் வெளிக்கொடியில் காயாமல் குளியலறையில் காயும். ஒசாகாக்காரனின் பனியன் இங்கே எப்படிக் காயலாம்?

கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடத்துகிறவள் ஹதானோ என்று ஒரு அம்மாள், பள்ளிக்கூடத்தில் தாதியாக இருந்தவள். முறை எளிது. ஒவ்வொருவராகப் பேசலாம். பேச மனமில்லாதவர்கள், இன்றைக்குக் காது மட்டும் என்று சொன்னால் போதும். ஒருவர் பேசியதற்கு இன்னொருவர் பதில் சொல்லக்கூடாது, யோசனை சொல்லக்கூடாது, ஆறுதலும் கூடாது. இந்தக் கடைசி விஷயம் மிசாவோவைத் திகைக்க வைத்தது. யோசனை கேட்கத்தானே இத்தனை தூரம் வந்தது? முதல் மாதம் காது மட்டும் என்றாள். இரண்டாம் மாதமும் அதுவேதான். காலணிப் பை மடியிலேயே இருந்தது.

ஆனால் காதுக்கு நிறைய கிடைத்தது. ஓனொதேரா என்று ஒரு டாக்சி ஓட்டுநர், பெரிய உடம்பு, வெள்ளைக் கையுறையைக் கழற்றாமலே பேசுவார். "எனக்கும் எம் பையனுக்கும் பேச்சுவார்த்தை எல்லாம் ஃபிரிட்ஜ் வழியாத்தாங்க. நான் புட்டிங் வாங்கி வைப்பேன், அவன் தின்னுட்டுக் கிண்ணத்தைக் கழுவி வைப்பான். போன வாரம் கழுவாம வச்சிருந்தான். அட, கோபம் வந்திருக்கே பயலுக்குன்னு எனக்கு ஒரே சந்தோஷம்." எல்லாரும் சிரித்தார்கள். மிசாவோவும் சிரித்துவிட்டாள், சிரித்த பிறகுதான் வாயைப் பொத்தினாள். தன் வீட்டுக் கதையை வைத்துக்கொண்டு ஒருத்தர் சிரிக்கக்கூடும் என்பதே அவளுக்குப் புதிது. அன்று ரயிலில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிட்டாள். வயிற்று வலி மூன்று நாள் தலைகாட்டவில்லை.

மூன்றாம் மாதம் மகாபே என்ற ஒருவர் வந்திருந்தார். நாற்பதை நெருங்கும் வயது; முன்பு அறைக்குள் இருந்தவர், இப்போது காய்கறிக் கிடங்கில் வேலை செய்கிறார். பெற்றோர் நடுவில் உட்கார்ந்து தன் முழங்காலைப் பார்த்தபடியே பேசினார். "எங்கம்மா என்னை ஹொக்கைடோவுல வேலைக்கு அனுப்பிச்சுட்டாங்க. நான் மாடியிலதான் இருந்தேன், ஊருக்கு மட்டும் ஹொக்கைடோ. ரெண்டாம் வருஷமே எனக்கு வெளிய வரணும்னு இருந்துச்சுங்க. ஆனா எப்படி வர்றது? நான் தெருவுல நின்னா எங்கம்மா பொய் சொன்னவங்களாயிடுவாங்களே. அதனால அங்கயே இருந்துட்டேன், இன்னும் ஆறு வருஷம். ஹொக்கைடோவுல இருந்து திரும்பி வர எனக்கு யாரும் டிக்கெட் எடுக்கலைங்க." கடைசி வரியைச் சொல்லிவிட்டு அவரே லேசாகச் சிரித்தார். இந்தத் தடவை மற்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

மிசாவோவுக்கு ஒரு காலைப்பொழுது நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்தது என்பதும் பொய்தான், அது போகவே இல்லை. மூன்றாம் வருடம், ஏப்ரல் மாதம். அவள் சமையலறையிலிருந்து வந்து பார்த்தால் ஷூஹெய் வாசல் படியில் குனிந்து காலணி நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். முடி தோள் வரைக்கும் வளர்ந்திருந்தது. கதவுக்கு வெளியே நெகிஷி அம்மாள் செடிக்குத் தண்ணீர் விடும் சத்தம் கேட்டது. "கொஞ்சம் இருப்பா, அவங்க உள்ள போகட்டும்," என்று இவள் அவன் காதருகே சொன்னாள். அவன் தலையாட்டினான். கட்டிய காலணியோடு அங்கேயே உட்கார்ந்திருந்தான். நெகிஷி அம்மாளுக்குச் செடிகள் ஏராளம். தண்ணீர்ச் சத்தம் நின்று இவள் வந்து பார்த்தபோது காலணி மட்டும் இருந்தது, நாடா அவிழ்த்து, ஜோடியாக, வாசலைப் பார்த்தபடி.

அன்று அவள் முறை வந்தபோது காது மட்டும் என்று சொல்லவில்லை. ஒசாகாவைச் சொன்னாள், மிட்டாய்ப் பெட்டியைச் சொன்னாள், அந்தக் காலையைச் சொன்னாள். நடுவில் காலணிப் பை மடியிலிருந்து நழுவி விழுந்தது, அவள் எடுக்கவில்லை. அடுத்திருந்த ஓனொதேரா, கையுறை போட்ட கையால் பையை எடுத்து அவள் நாற்காலிக்கு அடியில் வைத்தார். அவ்வளவுதான். அத்தனை பேர் கேட்டும் கூரை இடிந்து விழவில்லை என்பது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

கூட்டம் முடிந்து படிக்கட்டில் மகாபேயைப் பிடித்துக்கொண்டாள். இங்கே விதி பொருந்தாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

"நான் இப்பப் போய் உண்மையைச் சொன்னா அவன் வெளிய வருவானாங்க? இல்ல, என்னைக் காட்டிக் குடுத்துட்டியேன்னு இன்னும் உள்ள போயிடுவானா?"

"எனக்குத் தெரியலைங்க," என்றார் மகாபே. "எங்கம்மா சொல்லாமலே போய்ச் சேந்துட்டாங்க."

அன்று மாலை தெத்சுரோவிடம் எல்லாவற்றையும் சொன்னாள், மாதமொரு சனிக்கிழமை எங்கே போகிறாள் என்பது உட்பட. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் இவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். சாப்பாட்டுக் குச்சிகளை இணையாக வைத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார்.

"ஒன்பது வருஷம் மிட்டாய் தின்னவங்க முன்னாடி என் மூஞ்சியை எங்க கொண்டு போய் வச்சுக்கிறது?"

"அவன் மூஞ்சியை நாம எங்க வச்சிருக்கோம்னு பாத்தீங்களா?"

தலைக்கு மேலே மாடித் தளத்தில் ஒரு பலகை கிரீச்சிட்டது. இருவரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்த்தார்கள். எதுவரைக்கும் கேட்டிருப்பான்?

டிசம்பர் வந்தது. ஓமியாக் கடையில் கண்காட்சி தொடங்கிவிட்டதாக ரயிலில் விளம்பரம் தொங்கியது. ஓமியா வந்தும் மிசாவோ இறங்காமல் உட்கார்ந்தே இருந்தாள். மிட்டாய் வாங்காவிட்டால் இந்த வருடம் பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். வாங்கினால் ஒன்பது பத்தாகும். நெகிஷி அம்மாளைத் தூரத்தில் கண்டாலே, ஏதோ மறந்தவள் மாதிரி வீட்டுக்குள் திரும்பினாள். வயிற்று வலி பழையபடி வந்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிட்டு, அவன் கதவு அதன் பிறகு திறக்கவே திறக்காமல் போனால்? குளிக்கக்கூட இறங்காமல், தட்டைக்கூட வெளியே வைக்காமல் போனால்? அப்படிப் போன பிள்ளைகளைப் பற்றியும் அந்த வட்டத்தில் கேட்டிருக்கிறாள். அவனிடமே போய்க் கேட்கலாம் என்று இரண்டு தடவை மாடியேறி, கதவுக்கு முன்னால் நின்று, துணியை வெளியே வைக்கும்படி மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள்.

எரிக்கக்கூடிய குப்பையை வெளியே வைக்கும் நாள். தெருமுனைக் குப்பை இடம் இவர்கள் மாடி ஜன்னலுக்கு நேர் கீழே. மிசாவோ பையை வைத்துவிட்டு, காக்கை கிளறாமல் இருக்க வலையை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். வலையின் மறுமுனையைப் பிடித்து உதவிய கையைப் பார்த்த பிறகுதான் அது நெகிஷி அம்மாள் என்று தெரிந்தது.

"குளிரு ஆரம்பிச்சுடுச்சுல்ல. ஒசாகாவுல எப்படியாம், இந்த வருஷமும் பையன் வர்றாருதானே?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு பழகியிருந்தது. மிசாவோ அதை அடக்கினாள். வாசலில் தெத்சுரோ செய்தித்தாளை எடுக்க வந்து நிற்பதைக் கடைக்கண்ணால் பார்த்தாள்.

"அவன் ஒசாகாவுல இல்லைங்க. போகவே இல்ல. ஒன்பது வருஷமா வீட்டுலதான் இருக்கான். நான்தான் பொய் சொன்னேன். அவன் எதுவும் பண்ணலை, நான்தான்."

நெகிஷி அம்மாள் வலையை விடவில்லை. அவள் பார்வை மாடிக்குப் போகப் பார்த்து, பாதியில் நின்று, திரும்பவும் குப்பைப் பைகளுக்கே வந்தது. தெத்சுரோ உள்ளே போய்விடுவார் என்று மிசாவோ நினைத்தாள். அவர் போகவில்லை, மடித்த செய்தித்தாளோடு அங்கேயே தலையைத் தாழ்த்தி வணங்கினார்.

"அப்படிங்களா," என்றாள் நெகிஷி அம்மாள். பிறகு, "தப்பா நினைக்காதீங்க. பிள்ளைக்குப் பேரு என்ன சொன்னீங்க? இத்தனை வருஷமா ஒசாகாப் பையன், ஒசாகாப் பையன்னே சொல்லி எனக்கு மறந்தே போச்சு."

அவன் பெயரைத் தெருவில் நின்று சொல்லி எத்தனை காலமாயிற்று! "ஷூஹெய்," என்றாள் மிசாவோ. தேவைக்கும் சற்று உரக்கவே சொன்னாள்.

"ஷூஹெய்," என்று நெகிஷி அம்மாளும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

மேலே ஜன்னல் மரக்கதவின் தாழ்ப்பாள் அசைந்தது. இரும்பு இரும்பில் உரசுகிற சின்னச் சத்தம்; திறப்பதற்கும் அதே சத்தம்தான், இன்னும் இறுக்கிப் போடுவதற்கும் அதே சத்தம்தான். மூன்று பேரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மிசாவோ வலையின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, அடுத்த சத்தத்துக்காக நின்றாள்.