சின்ன லென்ஸில் பார்த்த பூஞ்சை

மார்ச் 13, வியாழன்

ஒரு சின்னத் தவறு நடந்திருக்கிறது. நுண்ணோக்கியில் லென்ஸை மாற்றாமல் பார்த்துவிட்டேன். சின்னத் தவறுதான். அதனால் இதுவரை ஒரே ஒருவருக்குத்தான் வேலை போயிருக்கிறது. அவரும் வெளியாள் இல்லை, அக்காவின் கணவர்.

வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கே குழம்பிவிடும்.

பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஊராருக்கெல்லாம் பார்வை தெளிய வழி செய்கிறேன். மாலையில் ஆய்வக உதவியாளர் வகுப்பு. போன வாரப் பாடம் தோலில் வரும் பூஞ்சை. உடம்பில் வந்தால் வட்டமாக, ஓரம் தடித்து, நடுவில் தெளிந்து இருக்கும். விரல் இடுக்கில் வந்தால் வெளுத்து, ஊறி, உரியும். சுரண்டி எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்து, காரக் கரைசல் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் நூல் நூலாகத் தெரியும். இதையெல்லாம் அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தேன். அந்த வாரம் பஸ்ஸில் என் எதிரே உட்கார்ந்த அத்தனை பேருக்கும் பூஞ்சை இருந்தது. தோலில் முளைக்கும் கட்டிகள் இந்த வாரப் பாடம். அதற்கு முன்னால் தனக்குக் கட்டி வரக்கூடாது என்று மாமாவுக்குத் தெரியவில்லை.

மாமா சலூனில் முடி வெட்டுகிறவர். இடது கையில் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே ஒரு சிறிய மேடு. அதன் உச்சியில் ஊசிமுனை அளவு துளை.

"டாக்டரம்மா, இதக் கொஞ்சம் பாருங்க. ஃபீஸ் எல்லாம் கேக்கக் கூடாது" என்று சாப்பாட்டு மேசையில் கையை நீட்டினார்.

சுரண்டி எடுத்துப் போய் வகுப்பில் பார்த்தேன். நூல்! பளிச்சென்று ஒரே ஒரு நூல். வீட்டுக்கு வந்து பூஞ்சை என்று அறிவித்தேன்.

அக்கா ரகசியம் காப்பவள். எதையும் ஒருவரிடம் மட்டும்தான் சொல்வாள். அந்த ஒருவர் மட்டும் மாறிக்கொண்டே இருப்பார். திங்கட்கிழமைக்குள் விஷயம் சலூன் முதலாளிக்குப் போய்விட்டது. ஒட்டுவாரொட்டி உள்ள கை தன் கடையில் வேண்டாம் என்றும், சனிக்கிழமை முதல் மாமாவின் நாற்காலியில் தன் மச்சான் மகன் நிற்பான் என்றும் சொல்லிவிட்டார்.

வீட்டில் மாமாவுக்குத் தனித் துண்டு, தனி சோப்பு, தனித் தட்டு. டிவி ரிமோட்டை அக்கா பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிக் கொடுத்தாள்.

"என்னையும் ஒரு பையில போட்டுக் கட்டிடேன்" என்றார் மாமா.

"அவ்ளோ பெரிய பை கெடைக்கல."

இன்று வகுப்பில் மேடம் என் கண்ணாடித் துண்டைப் பார்த்தார்.

"இதுவா பூஞ்சை?"

"ஆமா மேடம்."

"எந்த லென்ஸ்ல பாத்த?"

"சின்னதுல."

"பூஞ்சை இவ்வளவு குண்டா இருந்தா நாம லென்ஸே வாங்கியிருக்க வேணாம். கையில எடுத்துப் பின்னியிருக்கலாம்." லென்ஸை மாற்றினார். "முடிம்மா இது. வெட்டுன முனைகூடத் தெரியுது பாரு."

"அவரோட முடியா இருக்காதே மேடம். அவருக்கு வழுக்கை. கையிலயும் கறுப்பு முடிதான். இது செம்பட்டையா இருக்கு."

"என்ன வேலை பாக்குறார்?"

சொன்னேன். மேடம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இத மொதல்லயே சொல்றதில்லையா? வாடிக்கையாளர் தலையில வெட்டுன துணுக்கு, விரல் இடுக்குல முள்ளு மாதிரி ஏறிடும். உள்ளயே தங்கி, சுத்தி சதை வளந்து, ஓட்டை விழும். முடி வெட்டுறவங்களுக்கு வர்றது. அது மாதிரிதான் தெரியுது. அப்படின்னா பூஞ்சை மாதிரி பரவாது. ஆனா விட்டா சீழ் புடிக்கும். நான் டாக்டர் இல்ல, நீயும் இல்ல. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. ஆமா, அரிக்குதா வலிக்குதான்னு கேட்டியா?"

கேட்கவில்லை. நோய்க்குப் பெயர் வைத்து முடித்த பிறகு கேள்வி எதற்கு?

வீட்டில் சொன்னேன். அக்கா முகம் வாடிவிட்டது. "வெறும் முடியா? இதப் போய் யார்கிட்ட சொல்றது?" கையில் செய்தி இருந்தும் அவள் போனைத் தொடாமல் இருந்ததை இன்றுதான் பார்த்தேன்.

மார்ச் 14, வெள்ளி

காலையிலேயே டாக்டரிடம் போகலாம் என்றேன். மாமா அசையவில்லை.

"டாக்டர் எங்கயும் ஓடிப்போக மாட்டார். நாளைக்கு என் நாற்காலி போயிடும். உன் வாயால போனது, நீயே பேசி வாங்கிக் குடு."

மாலையில் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு அவரோடு சலூனுக்குப் போனேன். நல்ல கூட்டம். மச்சான் மகன் ஒருநாள் முன்னதாகவே வந்து, மாமாவின் நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். முதலாளி ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார்.

"வாம்மா. இந்தத் தடவ என்ன கண்டுபுடிச்சிருக்க?"

எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். நான் பார்த்தது தப்பு, பூஞ்சை இல்லை, முடி என்று. முடி என்ற சொல்லை இவ்வளவு பயத்தோடு அந்தக் கடையில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"போன வாரம் பூஞ்சை, இந்த வாரம் முடி. அடுத்த வாரம் என்ன, மரமா?" காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். முதலாளிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "நானும்தான் பொழுதன்னைக்கும் முடியில கைய விட்டுக்கிட்டு இருக்கேன். எனக்கு என்ன வந்துச்சு?" என்று இடது கையை உயர்த்தி, விரல்களை விரித்துக் காட்டினார்.

நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே ஒரு பிளாஸ்திரி. இரண்டு பக்கச் சுவரிலும் கண்ணாடி இருந்ததால் ஏகப்பட்ட பிளாஸ்திரிகள்.

கை மெல்ல இறங்கியது. "இது... கத்தரி பட்டது."

"எப்ப பட்டுச்சு முதலாளி? நான் வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து பாக்குறேனே" என்றார் மாமா, மிகுந்த அக்கறையோடு.

என் நாக்கு நுனி வரைக்கும் பெயர் வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன். "அரிக்குதா, வலிக்குதா?" என்று மட்டும் கேட்டேன்.

முதலாளி கண்ணாடியில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "வலிக்குது" என்றார் மெதுவாக. "சமயத்துல சீழும் வருது."

முகம் நிறைய நுரையோடு இருந்தவர் கழுத்தைப் பின்னால் இழுத்தார். "அப்போ எனக்கு?"

"பரவாதுன்னு மேடம் சொன்னாங்க. சீழ் வருதுன்னா டாக்டர்தான் சொல்லணும்" என்றேன். நுரைக்காரர் எழுந்து, முகத்தைத் தானே துடைத்துக்கொண்டார்.

முதலாளி கத்தியைக் கீழே வைத்தார். மச்சான் மகன் பக்கம் திரும்பி, "எந்திரிடா" என்றார். பிறகு மாமாவிடம், "டாக்டர் சரின்னு சொல்ற அன்னைக்கு நீ வந்து நில்லு. அதுவரைக்கும் அது காலியா கெடக்கட்டும்" என்றார். கடைசியாக என்னிடம்: "ரெண்டு கையாப் போனா டாக்டர் ஃபீஸக் கொஞ்சம் கொறச்சுக்குவாராம்மா?"

நாளை: காலையில் மாமாவையும் முதலாளியையும் தோல் மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். அவர் பார்த்துச் சொல்லும்வரை நான் எதற்கும் பெயர் வைக்கக் கூடாது. பிளாஸ்திரி விஷயம் அக்காவுக்குத் தெரியக் கூடாது. மாலையில் ஆய்வகம் திறந்திருந்தால், அதே கண்ணாடித் துண்டைப் பெரிய லென்ஸில் நானே ஒருமுறை பார்க்க வேண்டும்.