உரித்து ஒட்டிய ஸ்டிக்கர்

2002 மே மாதம். விடியற்காலை ஐந்தரை. செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனை. தியேட்டர் டெக்னீஷியன் பூங்கொடி, நேற்றைய நோயாளிகளின் மார்பிலிருந்து உரித்த மூன்று ஸ்டிக்கர்களை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். விரல் நுனிகள் வெளுத்துத் தோலுரிந்திருந்தன.

இதயத் துடிப்பை மானிட்டருக்கு அனுப்பும் ஸ்டிக்கர்கள். ஒருவருக்கு ஒட்டியதும் எறிய வேண்டியவை. இங்கே ஒரு வாரம் ஓடும். பசை போனால் மேலே பிளாஸ்திரி. வியர்த்தால் நழுவும், மானிட்டரில் கோடு படுக்கும், அலாரம் கத்தும். "அந்தச் சனியனை நிறுத்து!" என்பார் முதலாளி டாக்டர் நரசிம்மன். போன மாதமே அலாரத்தை ஊமையாக்கிவிட்டார்கள். விரலில் மாட்டி நாடித்துடிப்பு காட்டும் கிளிப் ரிப்பேருக்குப் போய் நாலு மாதம்.

ஏழு மணிக்கு செய்யூர் முனிசாமி, சவுக்குக் கட்டை ஏற்றும் கூலி. குடலிறக்கம். இடுப்புக்குக் கீழே மரக்க ஊசி போட்ட மயக்க மருத்துவர் அடுத்த தியேட்டருக்கு ஓடியிருந்தார். நரசிம்மன் குடலைப் பிடித்து இழுத்தார்.

கோடு படுத்தது.

"ஸ்டிக்கர்தான்," என்றார் நிமிராமல்.

பூங்கொடிக்கும் அப்படித்தான் பட்டது. அழுத்தினாள். பிளாஸ்திரியை மாற்றினாள். கோடு எழவில்லை. சவுக்கு லாரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த முனிசாமி பாதியில் நிறுத்தியிருந்தார். கழுத்தில் விரல் வைத்தாள்.

"டாக்டர், பல்ஸ் இல்ல! குடல இழுத்ததுல இதயம் நின்னுபோச்சு, வுடுங்க!"

நர்ஸ் மார்கரெட் ஊசி மருந்தை ஏற்றினாள். பூங்கொடி மார்பை அமுக்கினாள். அமுக்கிக்கொண்டே இருந்தாள். ஒரு துடிப்பு. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

பிழைத்துக்கொண்டார்.

ஒன்பது மணிக்கு நரசிம்மன் அறை.

"மானிட்டரைக் கவனிக்கலைன்னு எழுதிக் கையெழுத்துப் போடு."

"கவனிச்சேன் சார். பழைய ஸ்டிக்கர்னு நெனச்சேன். அப்படி நெனைக்கப் பழக்கினது யாரு?"

"போடலேன்னா நாளைக்கு வராதே."

அவள் போடவில்லை. விஷயம் பத்து நிமிடத்தில் சலவை அறை வரை போய்விட்டது.

அடுத்த கேஸ் பார்வதம். பித்தப்பைக் கல், அவசரமில்லாதது. தியேட்டர் வாசலில் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டார் வார்டு பாய் ஏசுபாதம்.

"உள்ள தள்ளு!" என்றார் நரசிம்மன்.

"புது ஸ்டிக்கர் வரட்டும் சார். அலாரமும் கத்தட்டும்."

"வண்டி தள்ள பஸ் ஸ்டாண்டுல நூறு பேர் கிடைப்பான்."

"கெடைப்பான் சார். அவனாண்டயும் இதையேதான் சொல்வோம்."

மார்கரெட் ஏசுபாதத்தின் பக்கத்தில் வந்து நின்றாள். "பூங்கொடி மேல எழுதறதுன்னா எங்க பேரையும் சேத்து எழுதுங்க." பின்னால் சலவைக்காரர்கள், துப்புரவுப் பெண்கள். நரசிம்மன் போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார்.

"இன்னாம்மா தகராறு?" பார்வதம் படுத்தபடியே கேட்டாள்.

பூங்கொடி மறைக்காமல் சொன்னாள்.

பார்வதம் எழுந்து வண்டியிலேயே சம்மணம் போட்டாள். "ஒட்டி உரிச்சத எனக்கு ஒட்டவாணாம். எவன வேணா கூப்புடட்டும். எத்தினி நேரமானாலும் உங்ககூடவே இங்க குந்திக்கினு கீறேன்."