தாரை விட்டு இறங்காத கார்

அர்ச்சுனன் பஞ்சாயத்துப் பிரசிடெண்ட் ஆனதில்கூட ஊருக்கு அவ்வளவு கஷ்டம் வரவில்லை. கார் வாங்கியதில்தான் வந்தது. ஓசூரில் ஒரு காண்ட்ராக்டர் ஓட்டித் தேய்த்துக் கழித்துவிட்ட கறுப்புக் கார். அதற்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, மாரண்டஹள்ளி வரைக்கும் மேளத்தோடு போய்வந்தார். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்த அன்றைக்கே அவர் கழுத்து விறைத்துக்கொண்டது. அதற்கப்புறம் அது எந்தப் பக்கமும் திரும்பியதில்லை.

டிரைவர் கஸ்பாருக்கு அந்தக் கழுத்து கண்ணாடியில் தெரியும். நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். பார்க்கப் பார்க்க அவனுக்கு எரிச்சலாக வரும். இதே ஆள் நாலைந்து வருஷத்துக்கு முன்னால் வாடகை சைக்கிளில், பெல்கூட இல்லாமல், “ஓரம், ஓரம்” என்று வாயாலேயே கத்திக்கொண்டு சந்தைக்குப் போனதை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். இப்போது என்னவோ தாயின் வயிற்றிலிருந்தே காரில் வந்து இறங்கியவர் மாதிரி பேச்சு.

மாரண்டஹள்ளியிலிருந்து பாலக்கோட்டுக்குப் போகிற ரோட்டில் அந்த நாளில் தார் என்பது ஒரு வண்டி அகலம்தான். இரண்டு பக்கமும் மண். தாருக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு சாண் பள்ளம். ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுத்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. பஸ்காரர்கள்கூட இடது சக்கரத்தை மண்ணில் விட்டு, சுமை ஏற்றி வருகிற சைக்கிளுக்குத் தாரில் கொஞ்சம் இடம் விடுவார்கள். காரைத் தனியாக ஒர்க் ஷாப்புக்கு எடுத்துப் போகும்போது கஸ்பாரும் அப்படித்தான் ஓட்டுவான். பிரசிடெண்ட் பின்னால் இருந்தால் அது நடக்காது.

“எங்காரு சக்கரம் என்னாத்துக்குடா மண்ணுல எறங்கணும்? மண்ணு அவனுங்களுக்கு. ஆரனை அடி” என்பார்.

ஹாரன் அடித்தால் சைக்கிள்காரர்கள் மண்ணில் இறங்கி ஒதுங்கினார்கள். அதுவும் அவருக்குப் போதவில்லை. ஒதுங்கியவன் சைக்கிளை விட்டும் இறங்க வேண்டும், துண்டைக் கையில் எடுக்க வேண்டும், கார் போகிறவரைக்கும் நிற்க வேண்டும். ஒருத்தன் மண்ணிலேயே பெடலை மிதித்துக்கொண்டு போனதற்குக் காரை நிறுத்தி, அவனை ஒரு பாடு திட்டித் தீர்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

அந்தச் சமயம் பார்த்துப் பாலக்கோட்டில் போலீஸ்காரர்கள் சாலைப் பாதுகாப்புக் கூட்டம் ஒன்று போட்டார்கள். சைக்கிளில் போகிறவன் இடது ஓரமாகப் போக வேண்டும், மோட்டாரில் போகிறவன் வேகத்தைக் குறைத்து இடம் விட வேண்டும் என்று இரண்டையும்தான் சொன்னார்கள். அர்ச்சுனன் முன் வரிசையில் உட்கார்ந்து முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார். மறுநாளே ஊரில் தண்டோரா. பிரசிடெண்ட் கார் வந்தால் சைக்கிளில் போகிறவர்கள் எல்லோரும் இறங்கி நிற்க வேண்டும், இது ரோட்டுப் பாதுகாப்புக்காக, மீறினால் அபராதம். தன் மரியாதைப் பசிக்கு இந்த ஆள் பாதுகாப்பு என்று பெயர் வைத்திருக்கிறாரே என்று கஸ்பாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அன்று சாயங்காலம் காரை வழக்கம்போலப் பளபளவென்று துடைத்து வைத்தான்.

காளியப்பன் விழுந்தது ஐப்பசி மழையில். கேரியரில் இரண்டு தக்காளிக் கூடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தான். பின்னால் ஹாரன் கேட்டது. அவன் மண்ணிலும் இறங்க வேண்டும், சைக்கிளை விட்டும் இறங்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யப் பார்த்தான். பள்ளத்தில் சக்கரம் இறங்கியதும் சுமை அவனை இழுத்துக்கொண்டு சாய்ந்தது. கால் அடியில், சைக்கிள் மேலே, அதற்கும் மேலே கூடைகள். கஸ்பார் கண்ணாடியில் பார்த்தான். கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது. பிரேக்கில் கால் வைத்தான்.

“என்னாத்துக்கு நிறுத்தற? வுழுந்தவன் எழுந்துக்குவான். போ” என்றார் அர்ச்சுனன்.

கஸ்பார் போனான்.

அந்த ஒரு ‘போ’வுக்காகப் பிரசிடெண்டை அவன் வெறுத்தது கொஞ்சமில்லை. மனுசனா இவன், மாட்டுக்கு அடிபட்டாலும் ஒருத்தன் இறங்கிப் பார்ப்பானே என்று வீட்டில் சோறு சாப்பிடும்போதுகூடக் கரித்துக்கொட்டினான். அந்தப் ‘போ’வைக் கேட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்த கால் யாருடையது என்று மட்டும் அவன் யோசிக்கப் போகவில்லை. காளியப்பனுக்கு எலும்பு கோணலாகக் கூடியது. இனிமேல் பெடல் மிதிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

மழை விட்டும் விடாததுமான ஒரு சந்தை நாளில் விற்பனைச் சங்கத் தலைவர் தேர்தலுக்கு மனுக் கொடுக்க வேண்டியிருந்தது. பகல் பன்னிரண்டுக்குள் பாலக்கோட்டில் இருக்க வேண்டும். தலைவர் நாற்காலிக்காக அர்ச்சுனன் ஆறு மாதமாக அலைந்துகொண்டிருந்தார். எதிரில் நிற்க ஆளே இல்லாமல் சரிக்கட்டியும் வைத்திருந்தார். மனுவைக் கொடுத்துவிட்டால் ஜெயித்த மாதிரிதான். அப்படிப்பட்டவர் விடிந்ததும் கிளம்புவாரா என்றால், அதுதான் இல்லை. அன்றைக்கு ராகு காலம் பத்தரைக்கு ஆரம்பம், குளிகை அதற்கு முன்னால் என்று ஜோசியர் யாரோ சொல்லி, இடையில் இருக்கிற ஒரு துளி நல்ல நேரத்துக்காகச் சலவை வேட்டியோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அது பார்த்து ஏறியபோது வெயில் ஏறிவிட்டது.

பாதி வழியில், ஏரிக்கரைத் திருப்பத்தில், ரோடு நிறைய சைக்கிள்கள். எல்லாம் தக்காளி. ஹாரன் சத்தம் கேட்டதும் எல்லோரும் ஒழுங்காக இறங்கினார்கள். துண்டைத் தலையிலிருந்து எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்கள். ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தார் மேலேயே நின்றார்கள்.

“பாத்தியாடா கஸ்பாரு, என்னா மரியாதை” என்றார் அர்ச்சுனன். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பாவம், கொஞ்ச நேரத்துக்குத்தான்.

யாரும் நகரவில்லை. அவர் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

“ஓரம் போங்கடா.”

காருக்குக் கிட்டே நின்றவன் கைகூப்பினான். “மண்ணு பூராச் சேறுங்க. சுமையோட எறங்குனா காளியப்பன் கதிதானுங்க. எறங்கி நிக்கச் சொல்லி நீங்கதான தண்டோரா போட்டீங்க. நிக்கறோமுங்க. காரு போனதும் ஏறிக்கறோம்.”

“நீங்க நின்னா காரு எப்படிடா போவும்?”

“அது எங்களுக்கு எப்படிங்க தெரியும்? தண்டோராவுல அதச் சொல்லலீங்களே.”

அவன் குரலில் ஒரு சொட்டு கேலிகூட இல்லை. அதுதான் கஸ்பாருக்குத் தாங்க முடியாத சிரிப்பாக வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டான். கண்ணாடியில் கழுத்து முதல் தடவையாக இப்படியும் அப்படியும் திரும்பியது.

எல்லோருக்கும் கடைசியில், காரின் மூக்குக்கு நேராக, சாலம்மாள் நின்றாள். காளியப்பனின் பெண்சாதி. புருஷனின் சைக்கிளில் இரண்டு கூடைகளைக் கட்டித் தள்ளிக்கொண்டே வந்தவள். அவளுக்கு ஓட்டத் தெரியாது. அர்ச்சுனனுக்கு அவளைப் பார்த்ததும் கோபம் எல்லை மீறியது. பொம்பளையை அதட்டினால் மற்றவர்கள் கலைவார்கள் என்ற கணக்கு.

“ஏய், உனக்குத் தனியாச் சொல்லணுமா? எறங்கு.”

“நான் ஏறவே இல்லீங்க” என்றாள் சாலம்மாள். “எங்கிருந்து எறங்கறது?”

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். இருமலா சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை. அர்ச்சுனன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு முன்சீட்டின் முதுகில் ஓங்கி அறைந்தார்.

“ஏத்துடா. மேல வந்தாத் தன்னால ஒதுங்குவா.”

கஸ்பார் கியர் போட்டான். இன்ஜின் உறுமியது. கார் ஒரு முழம் நகர்ந்தது. சாலம்மாள் ஒதுங்கவில்லை. ஒதுங்கவும் முடியாது. அந்தச் சுமையோடு பள்ளத்தில் இறங்கினால் அவளும் அடியில்தான் கிடக்க வேண்டும். அவள் பிரசிடெண்டைப் பார்க்கவே இல்லை. கஸ்பாரைத்தான் பார்த்தாள்.

“ஏத்துடான்னா. உனக்கு நாளைலருந்து வேல வேணுமா வேணாமா?”

கஸ்பார் ஸ்டீரிங்கை இடது பக்கம் ஒடித்தான். முன் சக்கரம் தாரை விட்டுத் தொப்பென்று இறங்கியது. பின் சக்கரமும் இறங்கியது. ஏரிக்கரைச் சேறு காரைச் சாவகாசமாக உள்ளே வாங்கிக்கொண்டது. கதவின் அடிமட்டம் வரைக்கும் இறங்கிய பிறகுதான் நின்றது. கஸ்பார் இன்ஜினை அணைத்தான்.

அர்ச்சுனன் கதவைத் திறந்து கால் வைத்தார். முழங்கால் வரைக்கும் போயிற்று. சலவை வேட்டி, மனு, ஆறு மாத அலைச்சல் எல்லாம் போயிற்று. “தள்ளுங்கடா, வந்து தள்ளுங்கடா” என்று கத்தினார். சைக்கிள்காரர்கள் துண்டை மறுபடி தலையில் கட்டினார்கள். “சந்தைக்கு நேரமாச்சுங்க பிரசிடெண்டே” என்று ஒருத்தன் பணிவாகச் சொல்லிவிட்டு ஏறி மிதித்தான். ஒருத்தர் பின் ஒருத்தராக எல்லோரும் போனார்கள், சாலம்மாள்தான் கடைசி. அர்ச்சுனன் கஸ்பாரைப் பார்த்து, “இன்னையோட உன் சீட்டு கிழிஞ்சதுடா” என்றார். 

கஸ்பார் தாரில் ஏறினான். வேலை போனதுகூட அவனுக்கு உறைக்கவில்லை. நெஞ்சு நிறைந்திருந்தது. இந்த ஆளைச் சேற்றில் இறக்கியாயிற்று. ஊரே பேசும். அவன் நேராகச் சாலம்மாளிடம் போனான். அவள் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வரும் என்று முகத்தையும் அதற்குத் தகுந்த மாதிரி வைத்துக்கொண்டான்.

“பாத்தியாக்கா? உனக்காவத்தான் எறக்குனேன்.”

சாலம்மாள் காரைப் பார்த்தாள். சேற்றில் கிடந்த சக்கரத்தைப் பார்த்தாள். பிறகு அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிரசிடெண்டைக்கூட அவள் அப்படிப் பார்த்திருக்க மாட்டாள்.

“எறக்கத் தெரிஞ்சுதான் இருக்குது உனக்கு” என்றாள். “அன்னைக்கே எறக்கியிருந்தீன்னா எங்கூட்டுக்காரரு இன்னைக்கு இந்த சைக்கிள அவரே ஓட்டிக்கினு வந்திருப்பாரு.”

அவள் ஹாண்டில்பாரை நிமிர்த்திப் பிடித்தாள்.

“நடுவுல நிக்காத. வழிய வுடு.”

தார் ஒரு வண்டி அகலம்தான். கஸ்பார் சேற்றில் இறங்கி நின்றான். அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள்.