அக்கரை உள்ள இயக்குநர்

அந்தப் பரிசோதனைக்கூடத்தில் ரத்தக் குப்பிகள் இருக்கும் அறைக்குள் போக விரலைக் காட்ட வேண்டும், அட்டையைத் தேய்க்க வேண்டும், பிறகு கதவு யோசித்து முடிக்கும்வரை காத்து நிற்க வேண்டும். கணினியைத் திறந்தால் கைப்பேசிக்கு ஓர் எண் வரும். அதை அடிப்பதற்குள் திரை தூங்கிவிடும். இதையெல்லாம் வாங்கிப் பொருத்திய பாதுகாப்பு அதிகாரிக்கு ஊழியர்கள் வைத்த பெயர் பூட்டு. நேரில் பூட்டு சார். முதுகைத் திருப்பினால் வெறும் பூட்டு.

இத்தனையையும் தாண்டி நோயாளிகளின் முடிவுகள் வெளியே போய்க்கொண்டுதான் இருந்தன. கொண்டுபோனவர் இயக்குநர். அவர் விரலுக்குத் திறக்காத கதவு கிடையாது. தெரிந்தவர் யாருடைய முடிவாவது வந்தால் திரையைப் படம் பிடித்து, ஒரு 'பாவம்' சேர்த்து, தன் குடும்பக் குழுவில் போட்டுவிடுவார். அதை அவர் கசிவு என்று நினைக்கவில்லை, அக்கறை என்று நினைத்தார். எழுதும்போது மட்டும் 'அக்கரை' என்று எழுதுவார். இடையினம், வல்லினம் எல்லாம் சின்ன ஆட்களின் கவலை.

பதிவு மேசையில் இருந்தவளுக்கு இது தெரியவந்தது தங்கையால். தங்கைக்குக் கரு தங்கவில்லை என்ற முடிவு அங்கேதான் வந்தது. கணவனிடம் அதை எப்படிச் சொல்வது என்று பேருந்தில் யோசித்துக்கொண்டு போனவளை மாமியார் போனில் பிடித்துவிட்டாள்.

"இதுவும் நிக்கலையாமே?"

மாமியாரும் இயக்குநரின் மனைவியும் ஒன்றுவிட்ட சகோதரிகள். அன்றிலிருந்து தங்கை யார் கூப்பிட்டாலும் போனை எடுப்பதில்லை, அக்கா கூப்பிட்டாலும்கூட.

பூட்டு அமைத்திருந்த பெயரில்லாப் புகார் வழியில் அவள் எழுதினாள். யார் அனுப்பியது என்று தன்னாலேயே கண்டுபிடிக்க முடியாது என அவர் கூட்டம் போட்டுச் சத்தியம் செய்திருந்தார். தங்கையின் பெயரை அவள் எழுதவில்லை. ஊரார் முடிவையெல்லாம் அனுப்பியவருக்கு எது யாருடையது என்று நினைவிருக்கவா போகிறது. நிர்வாகக் குழுவும் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. புகாரை அப்படியே இயக்குநருக்கு அனுப்பி, 'உரிய நடவடிக்கைக்கு' என்று மேலே எழுதிவிட்டது.

ஆளைக் கண்டுபிடிக்கச் சொன்னார் இயக்குநர். பூட்டுக்குக் கொண்டாட்டம். எழுத்து நடையை ஒப்பிட்டு ஆளைச் சொல்லும் மென்பொருள் ஒன்றை இறக்கினார். சத்தியம் என்ன ஆயிற்று என்று குப்பி கழுவுகிறவர் கேட்டதற்கு அவரிடம் பதில் இருந்தது.

"பேரை மறைக்கிறேன்னுதான் சொன்னேன். எழுத்த மறைக்கிறேன்னு சொன்னனா?"

ஒப்பிடுவதற்காக அலுவலகத்தில் எழுதப்பட்டவை எல்லாம், இயக்குநரின் சுற்றறிக்கைகள் உட்பட, மென்பொருளுக்குள் போயின. எழுத்து வேலை இல்லாதவர்களுக்குச் சொல்வதெழுதும் தேர்வு.

அவளுக்கும் ஒரு தாள் வந்தது. புகாரில் ஓர் ஒற்றுகூட விடுபடாமல் எழுதியிருந்தாள். அவள் சம்பளத்தை விட்டால் வீட்டில் வேறு வரும்படி இல்லை. தப்பாக எழுதலாம் என்றால் கை கேட்கவில்லை, தானாக 'க்' போட்டது. நிமிர்ந்து பார்த்தாள். அறிவிப்புப் பலகையில் இயக்குநரின் சுற்றறிக்கை தொங்கியது: சுவற்றில் சாயக் கூடாது, பாதுகாப்பு கொள்கையை மதிக்க வேண்டும், நோயாளிகள் மீது அக்கரையுடன் முயற்ச்சி செய்ய வேண்டும். பிழைக்குப் பஞ்சமே இல்லை. அத்தனையையும் தன் தாளுக்கு இறக்கிக்கொண்டாள்.

புகாரோடு யாருடைய எழுத்தும் பொருந்தவில்லை. அவள் மேசையருகே மட்டும் பூட்டு வந்து நின்றார்.

"உங்க தாளை டைரக்டர் எழுதினதுன்னு சொல்லுதுங்க மெஷினு. குழப்பம் எதுக்குன்னு தாளையே மெஷின்லருந்து எடுத்துட்டேன். வெளிய சொல்லாதீங்க, மெஷின் பேரு கெட்டுடும்."

அவள் சொல்லவில்லை. நன்றாக யோசித்தாள். சரியா தப்பா என்று இரண்டு நாள் அவளுக்கே தெளிவாகவில்லை. மூன்றாம் நாள் இன்னொரு புகார் எழுதினாள், முழுக்க முழுக்க இயக்குநரின் தமிழில். முடிவுகளைக் குடும்பக் குழுவில் போடுவது அக்கரை ஆகாது, இதை நிறுத்த முயற்ச்சி எடுக்கவும் என்று முடித்தாள்.

குழு வழக்கம்போல் அனுப்பிவைத்த அதை இயக்குநர் நான்கு முறை படித்தார். ஒரு பிழையும் அவர் கண்ணில் படவில்லை. இந்த முறை ஆளைக் குழுவின் முன்னாலேயே பிடிக்கிறேன் என்று அவரே கூட்டத்தைக் கூட்டினார்; ஊழியர்களையும் வரிசையாக நிற்கவைத்தார். பூட்டு பொத்தானை அழுத்தினார். திரையில் இயக்குநரின் பெயர் பெரிதாக வந்தது.

குழுத்தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"இவரே எழுதினாரா? மனசாட்சி உறுத்திச்சோ?" பூட்டின் பக்கம் திரும்பினார். "உங்க மெஷின் தப்பு பண்ணுமா?"

பூட்டுக்கு விளங்கிவிட்டது. வரிசையில் நின்ற அவளை ஒரு முறை பார்த்தார். உண்மையைச் சொன்னால் மெஷின் பொய். மெஷின் பொய் என்றால் அவர் யார்?

"பண்ணவே பண்ணாதுங்க மேடம்."

தானே ஒப்புக்கொண்ட குற்றத்துக்கு விசாரணை எதற்கு என்று குழு சீக்கிரம் கலைந்தது. அன்று மாலையே இயக்குநரின் விரலுக்குக் கதவுகள் திறக்காமல் போயின. பதவியும் நாற்காலியும் அப்படியே இருந்தன. அவரை வீட்டுக்கு அனுப்பும் அளவுக்கு அந்தக் குழுவுக்கு முதுகெலும்பு இல்லை.

மறுநாள் காலை அவர் கதவில் விரலை அழுத்தி, துடைத்து, மறுபடி அழுத்திவிட்டுப் பதிவு மேசைக்கு வந்தார்.

"உன் விரலை வச்சு கொஞ்சம் திறந்து விடும்மா. தெரிஞ்சவங்க முடிவு ஒண்ணு பாக்கணும்."

அவள் அறிவிப்புப் பலகையைக் காட்டினாள்.

"பாதுகாப்பு கொள்கை சார்," என்றாள், 'க்' இல்லாமல்.