ஊசி நாள்

பொழுது விடியுமுன்பே காசிமேட்டு இறால் கொட்டகையில் ஐஸைக் கொட்டியிருந்தார்கள். வேம்பு குந்தி உட்கார்ந்து தலையைத் திருகினாள், ஓட்டை உரித்தாள், முதுகுக் குடலை இழுத்து எறிந்தாள். கொஞ்ச நேரத்தில் விரல் மரத்துப்போனது. மரத்த விரலுக்கு ஓடு எது, சதை எது என்று தெரியாது. இரண்டையும் சேர்த்தே கிழிக்கும்.

பக்கத்தில் தங்கை உதயா வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். ஐஸ் கூடையோடு நாலடி நடந்ததற்கே அப்படி.

பதினாறு வயதில் அவளுக்குத் தொண்டை வலித்தது. அது சரியாகிச் சில வாரத்தில் முட்டி வீங்கியது. முட்டி வற்ற, முழங்கை வீங்கியது. "ஐஸ்லயே குந்திகினு இருந்தா வராம இன்னா?" என்றது கொட்டகை. தைலம் தேய்த்தார்கள். வீக்கம் தானாக வடிந்ததும் மறந்தார்கள். அங்கேதான் ஏமாந்தார்கள். மூட்டில் வடிந்தது, இதயத்தில் தங்கிவிட்டது.

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னதை வேம்பு தன் விரலை வைத்தே புரிந்துகொண்டாள். தொண்டைக் கிருமியை அடிக்க உடம்பு ஒரு படை திரட்டுகிறது. அந்தப் படையும் மரத்த விரல்தான். கிருமி எது, இதய வால்வு எது என்று தெரியாமல் இரண்டையும் கிழிக்கிறது. காயம் ஆறி வால்வு தடிக்கிறது. கதவு சரியாகச் சாத்தாமல் ரத்தம் பின்னுக்கு ஒழுகுகிறது. கிழிந்ததை ஊசி தைக்காது. ஆனால் மூன்று வாரத்துக்கொரு பென்சிலின் ஊசி அந்தக் கிருமியை மறுபடி அண்டவிடாது.

போன ஊசி தவறிவிட்டது. இன்று அடுத்தது.

"மொதலாளி, இவள ஊசிக்கு இட்டுகினு போணும்."

பக்தவச்சலம் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "லோடு கீது பாத்தியா? ஊசி எங்க ஓடிடப் போவுது? நாளைக்குப் போ."

"போன தபாவும் இதான் சொன்னீங்க."

"நான் இன்னா ஆஸ்பத்திரியா நடத்திகினு கீறேன்? போறதுன்னா ரூமையும் காலி பண்ணிட்டுப் போ!"

கொட்டகைக்குப் பின்னால் ஒற்றை ஜன்னல் அறை அது. எட்டுப் பேர் முட்டிக்கொண்டு படுப்பார்கள். ஒருத்தி இருமினால் கிருமி இன்னொருத்தி தொண்டையில் ஏறும். அதுவும் போனால் தெருதான். வேம்புவின் கை இறாலோடு நின்றது.

பின்வரிசையிலிருந்து குணசுந்தரி வேம்புவிடம் கேட்டாள். "யக்கா, எம்புள்ளைக்கு நேத்துலேர்ந்து தொண்ட நோவுது. எச்சிகூட முழுங்க முடியல, ஜுரம் வேற. ஐஸ் தின்னுட்டான்னு வுட்டுட்டேன். உதயாவுக்கு வந்துச்சே, அதுவா இருக்குமா?"

"டாக்டருதான் பாத்து சொல்லணும். அதுன்னா இப்பவே மருந்து குடுத்தா ஹார்ட்டு வரைக்கும் போவாது. நாள் கடத்தாத, எங்ககூடவே இட்டுகினு வா."

"எம்பொண்ணுக்கும் நோவுதுடி," என்றாள் இன்னொருத்தி.

குணசுந்தரி புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள். பிறகு வரிசையே எழுந்தது.

"இன்னாடி, எல்லாருக்குமா ஊசி?" பக்தவச்சலம் போனை இறக்கினார்.

"ஊசி நாள்ல யாருக்கும் வேலயும் போவக்கூடாது, ரூமும் போவக்கூடாது. அந்த ரூமுக்கு இன்னும் ரெண்டு ஜன்னல் வேணும். சரின்னு சொல்லு நைனா, திரும்பி வந்து உரிக்கிறோம்," என்றாள் குணசுந்தரி.

"ஐஸ் உருகுது! எறா கெட்டுப்பூடும்!"

"இவ நெஞ்சு கெட்டுகினு கீதே, அது தெரியலியா?" என்றாள் வேம்பு.

பக்தவச்சலம் வேறு ஆள் தேடி போனைக் காதில் வைத்தார். ஆள் கிடைத்தாலும் கிடைக்கும்.

அறையில் தூங்கிய பிள்ளைகளை எழுப்பி இடுப்பில் தூக்கிக்கொண்டு பெண்கள் சாலையில் இறங்கினார்கள். லாரிகள் புழுதி கிளப்பின. மூச்சு முட்டி உதயா பின்தங்கினாள். முன்னால் போனவர்கள் நின்றார்கள். அவள் வந்து சேர்ந்ததும், அவள் நடைக்கே எல்லோரும் நடந்தார்கள்.