கை வைக்காத சட்டை

மனைவி நீட்டிய படத்தைப் பார்த்ததும் தையல்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குண்டு எறிகிற வீராங்கனை ஒருத்தி, கை வைக்காத சட்டையில் பதக்கத்தோடு நின்றாள்.

“இதே மாதிரி வேணுங்க. நாளைக்கு பேக்கரி விழாவுல மேடையேறணும்,” என்றாள் அவள். இருபது வருடமாக அங்கே மாவு பிசைகிறவள்.

“அவ பெரிய ஆட்டக்காரி. உன்னைப் பார்த்தா ஊரே சிரிக்கும்டி.”

“சிரிக்கட்டும். பருத்த கைன்னு இத்தனை நாளா மூடி வச்சேன். அவளுக்கும் இதே கைதானே?”

மனைவிக்கு மட்டும் அவர் அளவெடுத்ததே இல்லை. பழைய சட்டையை வைத்து வெட்டி, கையில் இரண்டு அங்குலம் தொளதொளவென்று விடுவார். இந்தச் சட்டைக்கு அது ஆகாது. கைக்குழி பிசகினால் எல்லாம் போச்சு. முணுமுணுத்துக்கொண்டே வெறும் தோளில் அளவு நாடாவைச் சுற்றினார்.

“கையை மடக்கித் தூக்கு.”

தூக்கினாள். சதை திரண்டு எழுந்து, நாடாவை அவர் விரலிலிருந்து பிடுங்கிக்கொண்டது. தையல்காரர் அந்தக் கையையே பார்த்தார். தினமும் இரண்டு மூட்டை மாவைப் புரட்டிப்போடுகிற கை. இதையா இத்தனை காலம் துணிக்குள் ஒளித்து வைத்தோம்?

“என்னங்க, மரம் மாதிரி நிக்கிறீங்க?”

அவர் சாக்கட்டியை எடுத்து, படத்தில் இருந்ததைவிட ஒரு விரல் உள்ளே தள்ளித் துணியில் கோடு போட்டார்.

“தோள் முழுசாத் தெரியட்டும்.”