ஜோடித் திரை

கொக்கி மாட்டிய இரும்புக் கம்பி எங்கள் வீட்டு வாசலுக்கு அடியில் போய் நின்றுவிட்டபோது, நான் டீத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் சர்க்கரை போதுமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை. தெருவே வெளியில் நின்றது. வடிகாலைச் சுத்தம் செய்ய வந்த இரண்டு தொழிலாளிகளும் மேல்முனையில் தொடங்கி, பலகைக்கல் ஒவ்வொன்றாகப் புரட்டி, டெய்லரக்கா வீட்டையும் அதை அடுத்த மாடிக் குடியிருப்பையும் தாண்டி வந்திருந்தார்கள். அதுவரை வெறும் மணலும் பால் பாக்கெட்டும்தான். கார் ஏறுவதற்காக நாங்கள் போட்ட சிமென்ட் சரிவுக்குக் கீழே இருந்த குழாயில் மட்டும் கம்பி நுழைய மறுத்தது. மூத்தவர் குப்புறப் படுத்து, தோள்வரை கையை விட்டுத் துழாவினார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"தண்ணியில வந்து சிக்கின மாதிரி இல்ல டீச்சர். யாரோ கையால திணிச்சிருக்காங்க."

நான் அவருக்கு ஒரு டீயை நீட்டினேன்.

எங்கள் தெருவில் வீடுகள் வந்த வரிசையைத் தெரிந்துகொள்ளப் பத்திரம் பார்க்க வேண்டியதில்லை, வாசற்படியைப் பார்த்தால் போதும். பின்னால் வந்தவர்கள் முன்னால் வந்தவர்களைவிட ஒரு அடி உயர்த்திக் கட்டினார்கள். சாலையும் பழைய சாலையின் மேலேயே புதிது புதிதாக ஏறிக்கொண்டது. டெய்லரக்கா வாடகைக்கு இருப்பது தெருவின் முதல் வீடு. ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போவார்களாம். இப்போது இரண்டு படி இறங்கிப் போகிறோம். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு காலி மனை கிடந்தது. எவ்வளவு மழை பெய்தாலும் குடித்துவிடும். அதில்தான் போன வருடம் மூன்று மாடிக் குடியிருப்பு எழும்பியது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு மழைக்கும் டெய்லரக்கா வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது.

இரண்டு வாரத்துக்கு முன் பெய்த பருவத்தின் முதல் மழையில் முழங்கால் அளவு. மறுநாள் காலை பள்ளிக்குப் போகும்போது பார்த்தேன். அவர் வாசலை ஒட்டி வடிகாலுக்கு மேல் நின்ற தண்ணீரில், சிவப்பும் மஞ்சளுமாக வெட்டுத்துணித் துண்டுகள் மிதந்துகொண்டிருந்தன. போனில் படம் எடுத்தேன். தெருவின் வாட்ஸப் குழுவில் போட்டேன். 'நம் வடிகால் ஏன் அடைக்கிறது என்று இனி யாரும் கேட்க வேண்டாம்' என்று கீழே எழுதினேன். நாற்பது பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். எதற்கெடுத்தாலும் கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை வைத்துச் சரிபார்ப்பதால் தெருவே 'ரசமட்டம்' என்று அழைக்கும் எங்கள் சங்கத் தலைவர், குடியிருப்புப் பகுதியில் தையற்கடை எதற்கு என்று கேட்டார். வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதி டெய்லரக்காவைக் காலி செய்யச் சொல்லலாம் என்று முடிவானது. செயலாளர் என்ற முறையில் கடிதத்தை எழுதியது நான். அந்த ஞாயிறு மாலை ஐந்து மணிக் கூட்டத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

பள்ளியில் நான் அறிவியல் டீச்சர். காரணம் எது, விளைவு எது என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டுகிறவள். தண்ணீர் உள்ளே புகுந்ததால்தான் துணி மிதந்து வெளியே வந்திருக்கும் என்று அன்று ஒரு நொடிகூட எனக்குத் தோன்றவில்லை.

கம்பி இரண்டு முறை வழுக்கியது. மூன்றாம் முறை இருவரும் சேர்ந்து இழுக்க, கறுப்பாக, கைக்குழந்தை அளவில் ஒரு மூட்டை வெளியே வந்து விழுந்தது. பின்னாலேயே தண்ணீர் கொடகொடவென்று பாய்ந்தது. டெய்லரக்கா வாசலில் இரண்டு வாரமாகத் தேங்கிக் கிடந்த தண்ணீர், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ஐந்து நிமிடத்தில் வடிந்தது. இளையவர் மூட்டையின் மேல் ரப்பர் குழாயைத் திருப்பினார். சேறு கரைந்து நீலம் தெரிந்தது. நீலத்தில் வெள்ளைப் பறவைகள், வரிசையாக, ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு.

எங்கள் கூடத்து ஜன்னல் திரை.

இரண்டு கோடைக்கு முன் இந்தக் குழாய் வழியாகப் பெருச்சாளி ஒன்று வீட்டுக்குள் வந்து, சமையலறையில் என் காலடியில் ஓடியது. நாற்றம் வேறு. நான் பிடுங்கிய பிடுங்கலில் என் கணவர் பழைய திரையைச் சுருட்டிக் குழாய்க்குள் திணித்தார். மழை வருவதற்குள் எடுத்துவிடலாம் என்றார். நான்தான் டார்ச் பிடித்தேன்.

"பாத்தீங்களா, துணி. நான் அப்பவே சொன்னேன்" என்றார் ரசமட்டம். அவர் கையிலிருந்த அந்தக் கருவியைச் சாலையில் வைத்து, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று அனைவருக்கும் நிரூபித்தார். அங்கிருந்து இங்கே. கணக்கு சரியாகத்தான் இருந்தது. எல்லோரும் திரும்பி டெய்லரக்காவைப் பார்த்தார்கள்.

அவர் வந்து மூட்டைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். விரலால் துணியின் ஓரத்தைத் திருப்பினார். இரட்டையாக மடித்து, மூலையில் குறுக்குத்தையல் போட்ட ஓரம். அந்த மாதிரி மூலை மடிக்க இந்த ஊரில் வேறு யாருக்கும் பொறுமை கிடையாது. புது வீட்டுக்காக அவரே வந்து ஜன்னலை அளந்து தைத்துக் கொடுத்தது அது. பறவைகள் இரண்டு திரையிலும் ஒரே உயரத்தில் வர வேண்டும் என்று நான் அவரை ஒரு முறை பிரித்துத் தைக்க வைத்தேன்.

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. ஊசியில் நூல் கோக்கிற நேரம்.

"ஆமா, துணிதான்" என்று சொல்லிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, இரண்டு படி இறங்கி உள்ளே போய்விட்டார்.

நான் காலி டம்ளர்களைப் பொறுக்கினேன். மொத்தம் பதினேழு. வீட்டுக்குள் போய் அத்தனையையும் இரண்டு தடவை கழுவினேன்.

கணவரிடம் சொன்னபோது அவர் செய்தித்தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். மறந்தே போச்சு என்றார். நீயும்தானே மறந்தே என்றார். அதுவும் உண்மை. பிறகு, யாருக்கும் தெரியாதே என்று மெதுவாகக் கேட்டார்.

"டெய்லரக்காவுக்குத் தெரியும்."

"சொன்னாங்களா?"

"சொல்லலைங்க. அதான்."

சாயங்காலம் நானே வந்து சொல்லிடட்டுமா, அடைச்சது நான்தானே என்றார். இந்த மனிதரை இருபத்திரண்டு வருடமாக எதற்கெல்லாமோ திட்டியிருக்கிறேன். அன்று திட்ட வாய் வரவில்லை. குழாயை அடைத்தது நீங்கள், படம் எடுத்தது நான் என்றேன்.

மூன்று மணிக்கு டெய்லரக்கா வீட்டுக்குப் போனேன். பதினைந்து நாளாக அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. சுவரில் முழங்கால் உயரத்தில் பழுப்புக் கோடு ஒன்று அறையைச் சுற்றி ஓடியது. நனைந்துபோன ஒரு மெஷினின் மோட்டாரைக் கழற்றி, ஜன்னல் வெயிலில் பிள்ளையைக் கிடத்தியதுபோல் வைத்திருந்தார். ஆனால் கூரைக்குக் கீழே கட்டிய கம்பியில் வாடிக்கையாளர்களின் துணிகள் ஒரு சொட்டு ஈரம் படாமல் தொங்கின. அவற்றில் எங்கள் வீட்டு எண் எழுதிய சீட்டுடன் என் உடுப்பும் இருந்தது. தண்ணீர் ஏற ஏற, முதலில் இவற்றை அல்லவா தூக்கி மாட்டியிருக்கிறார்.

"ரெடியாத்தான் இருக்கு டீச்சர். போட்டுப் பாத்துட்டு எடுத்துக்கோங்க" என்றார், ஒன்றுமே நடக்காததுபோல.

வழியில் நான் கோத்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் எங்கோ போய்விட்டன. ஏன் அங்கே சொல்லவில்லை என்று மட்டும் கேட்டேன். கேட்ட பிறகுதான், அதையும் அவர் குற்றமாக்கிக் கேட்டதுபோல் இருந்தது தெரிந்தது.

அவர் கத்தரிக்கோலில் ஒட்டியிருந்த துருவைத் தேய்த்துக்கொண்டே சிரித்தார்.

"நான் சொன்னா, பழி தப்பிக்க டீச்சர் மேல போடுறான்னு சொல்லுவாங்க. உங்க படத்துக்கு நாப்பது கட்டைவிரல். எனக்கு யாரு தூக்குவா?"

நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்லவில்லை. உட்கார நாற்காலியும் இல்லை, அது வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

"அக்கா, நான்..."

"அது ஜோடியாத்தானே தச்சது" என்றார் அவர், கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு. "இன்னொண்ணு வீட்ல இருந்தா குடுங்க. மிஞ்சியிருக்கிற ஒரு மெஷினைத் தூசி படாம மூடி வைக்கணும். எங்க போகச் சொன்னாலும் எடுத்துட்டுப் போகணும்ல."

இன்னொன்று எங்கள் செருப்பு அலமாரியை மூடிக் கிடந்தது. வீட்டுக்கு வந்து அதை உருவினேன். துவைக்க நேரமில்லை. உதறியதில் தூசி எழுந்து தும்மல் வந்தது. பையில் போடுவதற்காக நான்காக, எட்டாக மடித்தேன். சின்னதாக, யார் கண்ணிலும் படாத அளவுக்கு வந்துவிட்டது. பை கூடக் கிடைத்தது. கணவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டார்.

எங்கள் வாசலிலிருந்து டெய்லரக்கா வாசலுக்குப் போக வேறு வழி கிடையாது. நடுவில் இருக்கிற மாடிக் குடியிருப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். அதன் கார் நிறுத்துமிடத்தில் நாற்காலிகள் போட்டு, எல்லோரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மேசை மேல் நான் எழுதிய கடிதம், பறக்காமலிருக்க அதன் மேல் தலைவரின் மட்டக் கருவி. வாங்க டீச்சர், உங்களுக்காகத்தான் காத்திருக்கோம் என்று அவர் கையசைத்தார்.

குடியிருப்பை ஒட்டிய எங்கள் மதில் ஓரத்தில், காலையில் போட்ட இடத்திலேயே முதல் திரை கிடந்தது. பாதி காய்ந்து, பறவைகள் மேல்பக்கமாக. நான் பையிலிருந்து அதன் ஜோடியை வெளியே எடுத்தேன். மடிப்பு ஒவ்வொன்றாகப் பிரிந்து துணி முழு நீளத்துக்குத் தொங்கியது. காற்றில் தரையைத் தொடப் பார்த்தது. மறுமுனையை என் கணவர் தூக்கிப் பிடித்துக்கொண்டார். உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தரையில் கிடந்த திரையையும் எங்கள் கையிலிருந்ததையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பறவைகள் வெளிப்பக்கம் தெரியும்படி பிடித்துக்கொண்டு, அவர்கள் எல்லோருக்கும் முன்னால் டெய்லரக்கா வாசலை நோக்கி நாங்கள் நடக்கத் தொடங்கினோம்.